ஆண்டை அளந்த அரசர்

உங்கள் கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்து 2100ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்துக்குச் செல்லுங்கள். 2100 நான்கால் மீதியின்றி வகுபடும் எண். அப்படியானால் அது லீப் ஆண்டு, பிப்ரவரியில் 29 நாள் இருக்கும் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் 28 நாள்தான் இருக்கும். இப்போது 2000ஆம் ஆண்டுக்குச் சென்று பாருங்கள். அங்கே 29 இருக்கிறது. 1900இல் இல்லை.

இதற்கான விதியை நீங்கள் படித்திருக்கலாம். 100ஆல் வகுபடும் ஆண்டு, 400ஆலும் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு. சரி, ஏன் 400? ஏன் 300 இல்லை, 500 இல்லை?

விடை ஒரு பழைய அளவில் இருக்கிறது. கணிப்பானோ நல்ல கடிகாரமோ இல்லாத காலத்தில் சூரியனைப் பார்த்துப் பார்த்துக் கணக்கிட்ட அளவு அது. ஸ்பெயினில் 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஓர் அரசரின் பெயரால் அந்த அளவு ஐரோப்பா முழுவதும் பரவியது. அவர்தான் காஸ்டில் நாட்டின் பத்தாம் அல்ஃபோன்சோ. ஸ்பானிய மக்கள் அவரை இன்றும் ‘அறிஞர் அல்ஃபோன்சோ’ என்ற பொருள்பட அழைக்கிறார்கள்.

டொலேடோ நகரத்துப் பிள்ளை

அல்ஃபோன்சோ 1221ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் டொலேடோ நகரில் பிறந்தார். அந்த நகரத்தைத் தெரிந்துகொண்டால் அவரைப் புரிந்துகொள்வது எளிது.

டொலேடோ சில நூற்றாண்டுகள் முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. 1085இல் அது காஸ்டில் அரசரின் கைக்கு மாறியது. ஆட்சி மாறினாலும் அரபு மொழியில் எழுதப்பட்ட வானியல், மருத்துவம், கணித நூல்கள் அங்கேயே இருந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். முஸ்லிம்கள், யூதர்கள், கிறிஸ்துவர்கள் ஆகிய மூன்று சமயத்தாரும் ஒரே நகரில் வாழ்ந்தார்கள். 12ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து அறிஞர்கள் டொலேடோவுக்கு வந்து, அரபு நூல்களை லத்தீனுக்கு மொழிபெயர்த்தார்கள். கிரேக்க வானியலாளர் தாலமியின் பெருநூல்கூட அரபு வழியாகத்தான் அங்கே லத்தீனுக்குப் போனது.

1252இல் அல்ஃபோன்சோ அரியணை ஏறினார். அவர் இந்தப் பணியைத் தொடர்ந்தார். ஆனால் ஒரு பெரிய மாற்றம் செய்தார். நூல்களை லத்தீனில் மட்டும் எழுதி வைத்தால் படித்த குருமார்களுக்கு மட்டுமே பயன்படும். அதனால் மக்கள் பேசிய காஸ்டிலிய மொழியிலேயே எழுதச் சொன்னார். அந்த மொழியைத்தான் நாம் இன்று ஸ்பானிய மொழி என்கிறோம். அதுவரை வானியலுக்கும் சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் போதிய சொற்கள் அந்த மொழியில் இல்லை. அரசவை அறிஞர்கள் சொற்களைத் தேடினார்கள், கடன் வாங்கினார்கள், புதிதாக உருவாக்கினார்கள். ஒரு வானியல் நூலைத் தமிழில் படிக்கும்போது ‘கோள்’, ‘விண்மீன்’, ‘சுற்றுப்பாதை’ போன்ற சொற்கள் நமக்கு இயல்பாக வந்துவிடுகின்றன. ஒவ்வொரு மொழியிலும் அப்படிப்பட்ட சொற்களை யாரோ சிலர் ஒருநாள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பழைய அட்டவணை ஏன் பொய்த்தது?

அந்தக் காலத்தில் வானியலாளர்களின் முக்கியமான கருவி ஒரு புத்தகம். அதற்கு ‘அட்டவணை’ என்று பெயர். உள்ளே பக்கம் பக்கமாக எண்கள். இன்ன நாளில் சூரியன் எங்கே இருக்கும், நிலவு எங்கே இருக்கும், செவ்வாய் எங்கே இருக்கும், கிரகணம் எப்போது வரும் என்பதை அந்த எண்களைக் கொண்டு கணக்கிடலாம்.

11ஆம் நூற்றாண்டில் டொலேடோவில் வாழ்ந்த அல்-சர்காலி என்ற முஸ்லிம் வானியலாளர், அப்படி ஓர் அட்டவணை உருவாவதில் பெரும்பங்கு ஆற்றினார். அது மிகச் சிறந்த அட்டவணை. ஆனால் இருநூறு ஆண்டுகள் கழித்து, அட்டவணை சொன்ன இடத்துக்கும் வானத்தில் கண்ட இடத்துக்கும் வேறுபாடு தெரிந்தது.

ஏன் அப்படி? ஒரு சிறு கணக்குப் போடுவோம். உங்கள் கைக்கடிகாரம் நாளொன்றுக்கு ஒரே ஒரு விநாடி பிந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் ஏழு விநாடி. யாருக்கும் தெரியாது. ஆனால் அதே கடிகாரம் 200 ஆண்டுகள் திருத்தப்படாமல் ஓடினால்? 200 ஆண்டில் சுமார் 73,000 நாள். அதாவது 73,000 விநாடி. அது 20 மணி நேரத்துக்கும் மேல்! சிறு பிழை தானாக மறையாது, சேர்ந்துகொண்டே போகும். வானியல் அட்டவணைக்கும் இதே கதிதான்.

அல்ஃபோன்சோ புதிய அட்டவணை வேண்டும் என்றார். அந்தப் பொறுப்பை இரண்டு யூத அறிஞர்களிடம் கொடுத்தார். ஒருவர் யெஹூதா பென் மோஷே. மற்றவர் ஐசக் பென் சித். அவர்கள் டொலேடோவில் கருவிகளை அமைத்து, 1260களின் தொடக்கத்திலிருந்து சுமார் பத்தாண்டுகள் வானத்தைக் கவனித்தார்கள். சூரியனின் உயரத்தை ஆண்டு முழுவதும் அளந்தார்கள். சூரிய கிரகணம், சந்திர கிரகணம், கோள்கள் ஒன்றை ஒன்று நெருங்கும் காட்சி ஆகியவற்றைப் பதிவு செய்தார்கள். அரசர் பதவியேற்ற 1252ஆம் ஆண்டையே கணக்கின் தொடக்கமாக வைத்தார்கள். இப்படிப் பிறந்ததுதான் ‘அல்ஃபோன்சோ அட்டவணை’.

பெயர் அரசருடையது. வெயிலிலும் குளிரிலும் நின்று அளந்தவர்கள் வேறு சிலர். இதை மறக்க வேண்டாம்.

10 நிமிடம் 44 விநாடி

இப்போது நமது முதல் கேள்விக்கு வருவோம். கையில் கணிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரோமானிய ஆட்சியாளர் ஜூலியஸ் சீசர் காலத்திலிருந்து ஐரோப்பா பயன்படுத்திய நாட்காட்டியில் ஓர் ஆண்டின் சராசரி நீளம் 365 நாள், 6 மணி. அந்த 6 மணி நேரம் நான்கு ஆண்டில் ஒரு நாளாகச் சேர்வதால் நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் நாள். கணக்கு எளிது. ஆனால் அது முழுக்கச் சரியில்லை.

ஐரோப்பாவில் பரவிய அல்ஃபோன்சோ அட்டவணையின்படி ஓர் ஆண்டின் நீளம் 365 நாள், 5 மணி, 49 நிமிடம், 16 விநாடி. அப்படியானால் பழைய நாட்காட்டி ஒவ்வோர் ஆண்டும் 10 நிமிடம் 44 விநாடியைக் கூடுதலாக எண்ணிவிடுகிறது. அதாவது 644 விநாடி.

ஒரு நாளில் 86,400 விநாடி. அதை 644ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 134 வரும். அதாவது 134 ஆண்டுக்கு ஒரு நாள் பிழை. மூன்று மடங்காக்கினால், 402 ஆண்டுக்கு மூன்று நாள். 402ஐ நினைவில் வைப்பது கடினம். 400 ஆண்டுக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால் எளிது. பழைய முறைப்படி 400 ஆண்டில் 100 லீப் நாள் வரும். அதில் மூன்றைக் குறைத்து 97 ஆக்கிவிட்டால் போதும். எந்த மூன்று? 1700, 1800, 1900. பிறகு 2100, 2200, 2300. இப்போது 400 எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா?

இந்தத் திருத்தம் 1582இல்தான் நடந்தது. அதற்குள் பிழை பத்து நாளாகச் சேர்ந்துவிட்டது. பகலும் இரவும் சமமாக இருக்கும் வசந்தகால நாள் மார்ச் 21இல் வர வேண்டியது, மார்ச் 11இல் வந்தது. போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்த ஆணையிட்டார். அதற்கான திட்டத்தை வகுத்தவர் லிலியஸ் என்ற இத்தாலிய மருத்துவர். அவர் கணக்குக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது அல்ஃபோன்சோ அட்டவணையின் ஆண்டு நீளத்தைத்தான். அந்த ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இரவு தூங்கப் போனவர்கள் மறுநாள் எழுந்தபோது நாட்காட்டியில் அக்டோபர் 15!

புதிய நாட்காட்டியின் சராசரி ஆண்டு 365 நாள், 5 மணி, 49 நிமிடம், 12 விநாடி. அல்ஃபோன்சோ அட்டவணைக்கும் அதற்கும் நான்கே விநாடி வேறுபாடு. இன்றைய அறிவியல் அளந்து சொல்லும் ஆண்டு நீளம் 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 விநாடி. பழைய அட்டவணையில் இருந்த பிழை ஆண்டுக்கு சுமார் 31 விநாடி. ஓர் ஆண்டில் 3 கோடியே 15 லட்சம் விநாடிகள் உள்ளன. ஆக, பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் பிழை.

கடிகாரம் இல்லாமல் இவ்வளவு நுட்பம் எப்படி முடிந்தது? வானியலாளர்கள் நம்பியது பழைய பதிவுகளை. ஒருவர் பகலிரவு சமமாகும் நேரத்தை அளப்பதில் 6 மணி நேரம் தவறு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டின் அளவோடு மட்டும் ஒப்பிட்டால், ஆண்டு நீளத்தில் அந்த 6 மணி பிழையும் அப்படியே வந்துவிடும். ஆனால் 1,100 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிவைத்த அளவோடு ஒப்பிட்டால், அதே 6 மணி நேரம் 1,100 ஆண்டுகளுக்குப் பங்கிடப்படும். ஆண்டுக்கு 20 விநாடிதான் பிழை. தாலமி எழுதியதை அரபு அறிஞர்கள் காப்பாற்றி வைத்ததும், அரபு அறிஞர்கள் எழுதியதை டொலேடோ காப்பாற்றி வைத்ததும் ஏன் அவ்வளவு முக்கியம் என்று இப்போது புரியும். பழைய நூலை எரித்த நாடு இந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது.

சொட்டிச் சொட்டி ஓடிய கடிகாரம்

அல்ஃபோன்சோவின் அரசவை வானியல் கருவிகளைப் பற்றியும் ஒரு பெரிய நூல் தொகுதியை உருவாக்கியது. அதில் விண்மீன்களின் உயரத்தை அளக்கும் கருவிகள், நிழல் கடிகாரம், நீர்க் கடிகாரம், மெழுகுவர்த்திக் கடிகாரம் எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் சுவையானது பாதரசக் கடிகாரம்.

ஓர் உருளையைக் கற்பனை செய்யுங்கள். உள்ளே 12 அறைகள். அறைகளுக்கு இடையே சிறு துளைகள். பாதி அறைகள் நிரம்பும் அளவுக்குப் பாதரசம் ஊற்றி மூடியிருக்கிறார்கள். உருளையோடு இணைந்த சக்கரத்தில் கயிறு சுற்றி, கயிற்றில் ஓர் எடைக்கல்லைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கல் கீழே இறங்க முயலும்போது உருளை சுழலும். சுழலும்போது பாதரசம் ஒரு பக்கமாக மேலே ஏறும். தண்ணீரைவிட 13 மடங்குக்கும் மேல் கனமான அந்தப் பாதரசம் உருளையைத் திரும்பக் கீழே இழுக்கும். துளை வழியாக அது மெல்ல மெல்ல அடுத்த அறைக்கு ஒழுகினால்தான் உருளை இன்னும் கொஞ்சம் நகர முடியும். அதனால் கல் தடாலென்று விழாமல் ஒரே சீராக இறங்கும்.

உருளை ஒரு முறை சுற்ற நான்கு மணி நேரம். அதன் அச்சில் 6 பற்கள் கொண்ட சிறு பற்சக்கரம். அது 36 பற்கள் கொண்ட பெரிய வட்டத்தைச் சுழற்றும். 36ஐ 6ஆல் வகுத்தால் 6. நான்கை ஆறால் பெருக்கினால் 24. பெரிய வட்டம் நாளுக்கு ஒரு முறை சுற்றும்! கணிதப் பாடத்தில் விகிதம் படிக்கிறீர்களே, அதுதான் இங்கே மணி காட்டுகிறது. (பாதரசம் நஞ்சு. இதை வீட்டில் செய்து பார்க்க நினைக்காதீர்கள்.)

பாட்டும் சதுரங்கமும்

அல்ஃபோன்சோவுக்கு வானம் மட்டும் போதவில்லை. அன்னை மரியாளைப் போற்றும் 400க்கும் மேற்பட்ட பாடல்கள் அவருடைய அரசவையில் தொகுக்கப்பட்டன. சிலவற்றை அவரே இயற்றினார் என்பார்கள். அவை இசைக்குறிப்போடு கிடைத்துள்ளன. அதன் ஏட்டுப் படிகளில் ஒன்றில், கலைஞர்கள் விதவிதமான இசைக்கருவிகளை வாசிக்கும் வண்ணப் படங்கள் உள்ளன. மறைந்துபோன கருவிகளை மீண்டும் செய்து பார்ப்பவர்கள் இன்றும் அந்தப் படங்களைத்தான் புரட்டுகிறார்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு நூலும் அவர் கைக்குப் போயிருக்கிறது. சிங்கமும் எருதும் நண்பர்களாக இருந்து நரியால் பிரிந்த பஞ்சதந்திரக் கதையைச் சிறு வயதில் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதைகள் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபு மொழிக்கும் போயின. அல்ஃபோன்சோ இளவரசராக இருந்தபோதே அரபியிலிருந்து அவற்றைக் காஸ்டிலிய மொழியில் பெயர்க்கச் செய்தார்.

இந்தியாவில் பிறந்த சதுரங்கமும் அதே வழியில் பயணம் செய்தது. 1283இல் அவர் முடித்த விளையாட்டு நூலில் 103 சதுரங்கப் புதிர்கள் படங்களோடு உள்ளன. அந்த நூல் ஓர் இந்திய அரசரின் கதையோடு தொடங்குகிறது. வாழ்க்கையில் வெல்வது அறிவா, அதிர்ஷ்டமா என்று மூன்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். அறிவு என்றவர் சதுரங்கத்தைக் காட்டுகிறார். அதிர்ஷ்டம் என்றவர் தாயக்கட்டையைக் காட்டுகிறார். மூன்றாமவர் இரண்டும் வேண்டும் என்று, தாயக்கட்டையை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டத்தைக் காட்டுகிறார்.

அறிஞர், ஆனால் வென்ற அரசரா?

அந்த மூன்றாவது அறிஞரின் சொல்லை அல்ஃபோன்சோ நன்றாக உணர்ந்திருப்பார். நூல் முடிந்த வேளையில் அவர் வாழ்க்கை சிதறிக் கிடந்தது.

ஜெர்மானியப் பேரரசர் பதவிக்கு ஆசைப்பட்டு அவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும் பணம் செலவழித்தார். பதவி கிடைக்கவில்லை. வரிச்சுமை ஏறியது, பிரபுக்கள் எதிர்த்தார்கள். 1275இல் மூத்த மகன் இறந்தார். அடுத்த வாரிசு யார் என்ற சண்டையில் இரண்டாம் மகன் சாஞ்சோ 1282இல் தந்தையின் அதிகாரத்தைப் பறித்தார். ‘அரசர்’ என்ற பட்டம் மட்டும் மிஞ்சியது. செவில் நகரம் அவரைக் கைவிடவில்லை. அங்கேயே 1284 ஏப்ரல் 4ஆம் நாள் இறந்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்து பூமியைத் தொலைத்தவர் என்று பிற்கால வரலாற்றாசிரியர் ஒருவர் அவரைக் கேலி செய்தார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யூத அறிஞர்களை மதித்து வேலை கொடுத்த அதே அரசர், 1281இல் பணத்துக்காக நாட்டின் யூதர்களைச் சிறைபிடித்து, பெருந்தொகை கேட்டார். அவர் தொகுத்த சட்ட நூலில் யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் எதிரான விதிகள் உண்டு. அறிவை நேசிப்பவர் எல்லா வேளையிலும் நீதியாக நடப்பார் என்று வரலாறு உறுதி தருவதில்லை.

அட்டவணையும் குறையற்றது இல்லை. பூமி நடுவில் நிற்க, எல்லாம் அதைச் சுற்றுகின்றன என்ற தவறான கொள்கையில்தான் அது கட்டப்பட்டது. ஆனாலும் பாரிஸ் அறிஞர்கள் 1320களில் அதைச் செப்பனிட்டுப் பரப்பினார்கள். 1483இல் வெனிஸ் நகரில் அச்சாயிற்று. கோப்பர்நிக்கஸ் தம்மிடம் ஒரு படி வைத்திருந்தார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொல்லி அந்தக் கொள்கையை மாற்றியவர் அவரே. முன்னோர் எழுதியதைக் கற்று, அதில் உள்ள பிழையைக் கண்டு, திருத்தி அடுத்தவரிடம் கொடுப்பது. அல்-சர்காலிக்கு டொலேடோ அறிஞர்கள் செய்ததைத்தான் கோப்பர்நிக்கஸ் அவர்களுக்குச் செய்தார்.

இன்று இரவே பார்க்கலாம்

1651இல் ரிச்சோலி என்ற இத்தாலிய வானியலாளர் நிலவின் வரைபடத்தை வெளியிட்டபோது, பள்ளங்களுக்கு அறிஞர்களின் பெயர்களைச் சூட்டினார். அரைநிலவுக்கு அடுத்த நாள் ஒரு சிறிய தொலைநோக்கியால் நிலவின் நடுப்பகுதியைப் பாருங்கள். ஒளியும் இருளும் பிரியும் கோட்டருகே மூன்று பெரிய பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். வடக்கே இருப்பது தாலமி. தெற்கே இருப்பது அல்-சர்காலி. நடுவில் இருப்பது அல்ஃபோன்சோ. அதன் அகலம் சுமார் 118 கிலோமீட்டர். 1965 மார்ச் 24ஆம் நாள் அமெரிக்காவின் ரேஞ்சர் 9 விண்கலம் அந்தப் பள்ளத்தில்தான் மோதியது. மோதும் வரை 5,800க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது.

கிரேக்க அறிஞர் ஒருபுறம், அரபு அறிஞர் மறுபுறம், இடையே இருவரின் நூல்களையும் சேர்த்து வைத்த அரசர். யெஹூதாவுக்கும் ஐசக்குக்கும் அந்த வரிசையில் இடம் இல்லை. ஆனால் அடுத்த முறை பிப்ரவரி 29 வரும்போது, அல்லது 2100இல் அது வராமல் போகும்போது, அவர்கள் இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் உங்களில் சிலர் தாத்தா பாட்டியாக இருப்பீர்கள். “ஏன் இந்த ஆண்டு 29 இல்லை?” என்று ஒரு பேரப்பிள்ளை கேட்டால், 644 விநாடியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.